ஆறு சுற்று

ஏசி மெக்கானிக் தெய்வசிகாமணி
ஒரு சாண் செம்புக் குழாயைத் துணியில் சுற்றிக்கொண்டு
ஆவாரம்பாளையத்தில் நான் வேலை பார்க்கும்
வைண்டிங் பட்டறைக்கு வந்தது
கரண்ட் போன ஒரு புதன்கிழமை.

"மரகதக்கா, ஒரு காயில் சுத்தித் தரோணுமுங்க."
எத்தனை குதிரை என்றேன்.
"குதிரை இல்லீங்க்கா. கொசு."

சிகரெட்டை விட்டுப் பதினோரு நாளாம்.
அவன் விட்டுவிட்டான், கைதான் விடவில்லையாம்.
நீராவி இழுக்கும் குழல் கடையில் விற்கத் தடை.
திருட்டுத்தனமாய் வருவதோ பிளாஸ்டிக்,
பேனா மூடியைக் கடித்த மாதிரி இருக்கிறதாம்.
ஆகவே தானே செய்கிறான்:
ஜவுளிக்கடை ஏசியில் கழற்றிய குழாய்,
செத்த லேப்டாப்புக்குள் சாகாமல் கிடந்த பேட்டரி,
அடியில் ஒரு அமுக்கு பொத்தான்.
லேத்து நாச்சிமுத்து வாய்ப்பக்கத்தைக் கடைந்து கொடுத்து
கூலி வேண்டாம், ஒரு இழுப்பு போதும் என்றிருக்கிறார்.
புளி போட்டுத் தேய்த்திருந்தான்.
பூசைச் சொம்பு மாதிரி மின்னியது.

நான் சுற்றும் காயில்கள்
அன்னூர்ப் பக்கம் ஆயிரத்து இருநூறு அடியில்
இருட்டுக்குள் தண்ணீருக்குள் நின்றுகொண்டு
தண்ணீரை மேலே தள்ளுகிறவை.
இருபது வருசத்தில் ஒன்றைக்கூட
வேலை செய்யும்போது பார்த்ததில்லை.
திரும்பி வந்தால் கருகித்தான் வரும்.
மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன்:
இது வோல்ட்டேஜ் கம்மி,
இது கிணறு வற்றியும் ஓடியது,
இதில் ஓனர் பொய் சொல்கிறார்.

அவன் தந்தது செம்புக் கம்பியில்லை,
தலைமுடி கனத்தில் ஏதோ சாம்பல் நிறம்.
கோணி ஊசிமேல் சுற்றினேன்.
ஆறே சுற்று.
நூற்றுக்கணக்கில் எண்ணிப் பழகிய வாய்
ஆறில் நின்றபோது
இன்னொரு படி இருக்கிறதென்று கால் வைத்து
தரை இடித்தது போலிருந்தது.

கோயமுத்தூரில் பஞ்சுக்கா பஞ்சம்.
கிள்ளிச் செருகி
நாலு சொட்டு ஊற்றுவதற்கு முன்னால்
"எரியுதான்னு பாக்கலாம்" என்று அமுக்கினான்.

சிவந்தது.

எங்கள் தொழிலில் காயில் சிவந்தால்
அது நஷ்டம், சண்டை, பில்லில் கழிவு.
இதுவோ சிவப்பதற்கென்றே பிறந்து
சிவந்துகொண்டிருந்தது.
இன்னொருக்கா அமுக்கு சாமி என்றேன்.
பிறகு அவன் ஏலக்காய் வாசத்தில்
பட்டறை நிறைய மேகம் விட்டான்.
நான் மேகத்தைப் பார்க்கவில்லை.

காத்துப் போக வழி உட்டிருக்கியா?
"எதுக்குங்க்கா?"
டிரில்லை எடுத்து நானே மூன்று துளை போட்டேன்.
பொத்தானுக்கு ஒரு பூட்டு வை என்றேன்.
தலையாட்டினான்.

வைக்கவில்லை.

சனிக்கிழமை அன்னூர் பஸ்ஸில்
காந்திபுரத்திலேயே மூச்சுவிட இடமில்லை.
யாருடையதோ ஒரு டிபன் கேரியர்
அவன் பேன்ட் பாக்கெட்டின்மேல் சாய்ந்து
சரவணம்பட்டி வரை எடுக்கவேயில்லை.
செம்புக்குச் சூட்டை ஒளிக்கத் தெரியாது.
கிடைத்ததையெல்லாம் அப்போதே
பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிவிடும்.

தொடையில் பத்து ரூபாய்க் காசு அகலத்துக்குக் கொப்புளம்.
வீட்டில் பற்றவைக்கும்போது தெறித்தது என்றானாம்.
அந்த மாதிரி வடு ஏற்கெனவே ஏழெட்டு இருக்க
அவளும் நம்பிவிட்டாளாம்.

குழாயைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.
மூன்று துளையும் விளிம்பில் கறுத்திருந்தன.
அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பேட்டரியை எடுத்துவிட்டுக்
குழாயைப் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டோம்.
வந்த காசில் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கினான்.
நாச்சிமுத்து ஒன்று கேட்டார். கொடுத்தான்.

காயில் மட்டும் என் டப்பாவில் இருக்கிறது,
கத்திரிக்கும் மூக்குக் குறடுக்கும் நடுவில்.
போன வாரம் ஆள் எல்லாம் போனபின்
பெஞ்சு சப்ளையில் மாட்டிக் கொஞ்சமாய்க் கொடுத்தேன்.
நடுச் சுற்று முதலில் சிவந்தது,
அப்புறம் இருபுறமும் அதன் கூடப்பிறந்தவை.
யாருக்கும் புகையில்லை, யாருக்கும் தண்ணீரில்லை.

அணைத்துவிட்டு,
மறுநாள் வாங்க வருவார்கள் என்று
ஏழரைக் குதிரை மோட்டாருக்கு உட்கார்ந்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
ஆறில் கை தானாக நின்றது.

ஏழு.